தமிழ்ப் பிழைதிருத்தி: காலண்டர் துணுக்குகளை வைத்து ஒரு சோதனை

வாங்கலாம் என்பதுதான் என் முடிவு. ஆனால் வாங்கிய கையோடு 'தானாகத் திருத்து' என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் ஓர் ஆபீஸில் மெய்ப்பு பார்க்கிறேன். தேதித்தாளின் முன்பக்கத்தில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் இருக்கும். அதை ஜோதிடரே பார்த்துக் கொடுத்துவிடுவார். பின்பக்கம்தான் என் பொறுப்பு: சமையல் குறிப்பு, பொன்மொழி, விடுகதை, பழைய தனிப்பாடல், கடிஜோக். எங்கள் ஊரில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்று வெளியாகும். அதனால் சித்திரை, வைகாசி வெயிலில் வருடம் முழுவதற்குமான தாள்களையும் படித்து முடித்தாக வேண்டும். கண் களைத்துப்போகும். அதைப் பார்த்துத்தான் அண்ணாச்சி ஒரு பிழைதிருத்தி மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டிக் கொடுத்தார்.

அதன் பெயரை இங்கே எழுதவில்லை.  நான் கொடுத்த வரிகளை நீங்கள் வாங்க நினைப்பதற்கும் கொடுத்துப் பாருங்கள், அதன் தரம் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு நடைமுறைச் சிக்கல். என்னைப் போல அச்சகத்தில் இருப்பவர்களிடம் பழைய கோப்புகள் பாமினி மாதிரியான எழுத்துருக்களில் இருக்கும். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பிழைதிருத்திக்கும் அது அப்படித்தான் தெரிகிறது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் கொடுக்க முடியும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும் இடங்கள் உண்டு. அவற்றை இது அழகாகப் பிடித்துவிடுகிறது.

அது மட்டுமில்லை. கண்ணால் பிடிக்கவே முடியாத பிழைகளையும் பிடிக்கிறது. 'ஔவையார்' என்று அடிப்பதற்குப் பதிலாக ஒ போட்டு, பக்கத்தில் ள போட்டு 'ஒளவையார்' என்று அடித்தவர்கள் எத்தனையோ பேர். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினியில் தேடினால் மட்டும் கிடைக்காது. தமிழ் எண் ஒன்றும் (௧) க என்ற எழுத்தும், எண் எட்டும் (௮) அ என்ற எழுத்தும் அப்படியே. தமிழ் எண்ணில் தேதி போடும் காலண்டர்களில் இவை கலந்துவிட்டால் கண்டுபிடிக்க எந்தக் கண்ணாலும் ஆகாது. இந்த வேலை ஒன்றுக்காகவே சந்தாப் பணம் தகும்.

வழக்கமான பிழைகளிலும் குறை சொல்ல இடமில்லை. கிணறு, வயிறு, சோறு எல்லாம் 'று'வில் முடிகின்றன. அதனால் கிணற்றில், வயிற்றில், சோற்றில் என்று வரும். சுவர் 'ர்' என்று முடிகிறது, ஆகவே சுவரில். ஊர் முழுக்கச் சுவர்களில் 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதியிருப்பதால் எல்லாருக்கும் அதுவே பழகிவிட்டது. இது ஒவ்வொரு முறையும் பிடிக்கிறது. 'பதட்டம்' என்று அடித்தால் 'பதற்றம்' என்கிறது. 'கோர்வையாகப் பேசினார்' என்றால் 'கோவையாகப் பேசினார்' என்கிறது. டிடிபி பார்க்கும் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கோயம்புத்தூர்க்காரங்க மாதிரிப் பேசினாருன்னு அர்த்தமா?" என்று கேட்டான். கோத்தல், கோவை என்பதுதான் சரி. மாலையைக் கோக்கிறோம், கோர்க்கவில்லை. மென்பொருள் சொன்னதையே வைத்துக்கொண்டேன்.

இனி ஒற்றுக்கு வருவோம். தமிழில் பாதிச் சண்டை க், ச், த், ப் என்ற நாலு எழுத்துக்காகத்தான் நடக்கிறது. அவை எங்கே மிகும், எங்கே மிகாது என்பதைப் பொருள்தான் தீர்மானிக்கும். இங்கேதான் பிழைதிருத்தி தடுமாறுகிறது.

தம்பி ஒருநாள் பின்பக்கக் கோப்பு மொத்தத்தையும் தானாகத் திருத்தவிட்டு, "அக்கா, பாருங்க, ஒரு சிவப்புக் கோடுகூட இல்ல" என்று பெருமையாகக் கொண்டுவந்தான். கோடு இல்லைதான். கடிஜோக்குகளும் இல்லை. எழுத்துகள் எல்லாம் அங்கேதான் இருந்தன, சிரிப்பு மட்டும் போயிருந்தது.

ஒரு ஜோக் இது. நோயாளி கையில் மத்தோடு வந்து நிற்கிறார். "என்னய்யா இது?" என்று டாக்டர் கேட்கிறார். "வாசல் போர்டுல 'மருந்து கடை'ன்னு எழுதியிருக்கே டாக்டர், கடையத்தான் வந்தேன்." மென்பொருள் அந்தப் போர்டில் ஒரு 'க்' சேர்த்து 'மருந்துக் கடை' என்று ஆக்கிவிட்டது. மருந்தை விற்கும் கடை என்று விரியும்போது ஒற்று மிகும், அதனால் விதிப்படி அது சரி. ஆனால் ஜோக்கே அந்த 'க்' இல்லாததில்தான் இருக்கிறது! ஒற்று விட்டுப்போனால் பெயர் வினையாகிவிடும், கடை மத்தைத் தேடும். பிழையைத் திருத்தியதும் நோயாளி எதற்கு மத்தோடு வந்தார் என்று யாருக்கும் புரியாது.

இதாவது ஜோக். சமையல் குறிப்பில் நடந்தது அதைவிட மோசம். 'கீரை கடைய மண்சட்டியே நல்லது' என்ற வரியைக் 'கீரைக் கடைய' என்று மாற்றி வைத்திருந்தது. கீரை விற்கும் இடத்துக்குத்தான் கீரைக் கடை. சட்டியில் போட்டுக் கடைவது கீரை கடைதல். ஐ என்ற உருபு மறைந்து வரும் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் ஒற்று மிகாது. அந்த உருபே வெளிப்பட்டு நின்றால் 'கீரையைக் கடை' என்று மிகும். ஒரே பொருள்தான், உருபு மறைந்தால் ஒரு விதி, தெரிந்தால் இன்னொரு விதி. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. 'கைமாறியது' என்றால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது. 'கைம்மாறு' என்றால் நன்றிக்குச் செய்யும் பதில் உதவி. இவற்றைத் தனித்தனியாகக் கொடுத்தால் மென்பொருள் சும்மா விட்டுவிடுகிறது. இரண்டுமே அகராதியில் இருப்பதால் எது வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சும்மா இருப்பதே அங்கே சரியான வேலை.

வேலை ஜோக் வேறு மாதிரி. "முருகா, வேலை கொடுன்னு தினமும் கும்பிடுறேன், அவர் காதுலயே வாங்க மாட்டேங்கிறார்." "உன்கிட்ட கொடுத்துட்டா அவர் கையில என்னடா இருக்கும்?" உத்தியோகம் என்றால் 'வேலை கொடு'. முருகன் கையில் இருக்கும் வேல் என்றால், வேலும் ஐயும் சேர்ந்து 'வேலைக் கொடு'. கேட்கிறவன் ஒன்றைச் சொல்கிறான், பதில் சொல்கிறவன் மற்றதாக எடுத்துக்கொள்கிறான். அச்சில் ஒன்றைத்தான் போட முடியும். நான் எப்போதும் கேட்கிறவன் சொன்னதைத்தான் போடுவேன். முதல் வரி இயல்பாக இருந்தால்தான் இரண்டாவது வரி சிரிக்கவைக்கும். மென்பொருளும் இதில் கை வைக்கவில்லை.

அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், இப்படி இரண்டு பொருள் வைத்துச் சொல்லும் சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் தருவது முதல் வகை. வேறு வேறு இடத்தில் பிரித்தால் வேறு வேறு பொருள் தருவது இரண்டாவது. பிழைதிருத்தியைச் சோதிக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. செம்மொழியாக இருந்தால் ஜோக் பிழைத்துவிடும். "வைகை ஆறு" என்கிறார் டீச்சர், "மீதி அஞ்சும் எங்க டீச்சர்?" என்கிறான் பையன். அதில் திருத்த ஒன்றுமில்லை. கி.வா.ஜகந்நாதன் சிலேடைக்குப் பேர்போனவர். போகிற வழியில் கார் நின்றுபோய், வயதானவர் என்று அவரை மட்டும் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் தள்ளியபோது, தன்னைத் 'தள்ளாதவன்' ஆக்கிவிட்டார்களே என்று அவர் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. அதையும் மென்பொருள் தொடவில்லை, தொடவும் முடியாது. தள்ளாதவன் எந்தப் பொருளிலும் தள்ளாதவன்தான்.

பிரிமொழி என்றால்தான் ஆபத்து. "அந்தமானைப் பார்த்தியா?" "இல்லப்பா, கப்பல்ல போகக் காசு ஏது? நான் பார்த்தது வண்டலூர்ல." இதைச் சேர்த்து அடித்தால் தீவு, இடம் விட்டு அடித்தால் மான். சேர்த்தே போடுங்கள் என்பேன். படிப்பவர் முதலில் தீவுக்குப் போய்விட்டு அப்புறம் மானிடம் வரட்டும்.

பிரிமொழிக்குக் காளமேகத்தை விட்டால் வேறு யார்? பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் பொருள் வைத்தாரே, அதைப் பின்பக்கத்தில் ஒரு தாளுக்குக் கொடுத்திருந்தோம்.

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் - ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே யோது

பாம்பு ஆடிவிட்டுக் குடத்துக்குள் அடையும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்தில் சேரும். ஆடும்போதே பாம்பும் சீறும், செக்கும் இரையும். மூடியைத் திறந்தால் பாம்பு தலைகாட்டும்; எண்ணெயில் நம் முகமே தெரியும். 'பிண்ணாக்கு' என்ற இடத்தில்தான் எனக்கு மெய்சிலிர்க்கும். எள்ளுக்குப் பிண்ணாக்கு, மாட்டுக்கு வைக்கிறோமே, அது. பாம்புக்கு அதே சொல் பிள் நாக்கு, அதாவது பிளந்த நாக்கு. ள் என்பதும் நா என்பதும் புணர்ந்து ண்ணா ஆகிவிட்டன. புணர்ச்சி விதியே இங்கே ஜோக்கை எழுதியிருக்கிறது.

இதைப் பிழைதிருத்தியில் போட்டால் என்ன ஆகும்? வெண்பாவைச் சீர் பிரித்து அச்சிடுவது வழக்கம். அதனால் 'ணாக்குமுண்டாம்' என்பது தனிச்சொல்லாக நிற்கிறது. ண் தமிழில் மொழிமுதல் வராத எழுத்து, ஆகவே சிவப்புக் கோடு. 'தேயிரையும்', 'பெள்ளெனவே' எல்லாவற்றுக்கும் கோடு. நாலு வரியும் சிவப்பாகிவிட்டது. மரபுப் பாடலைக் கொடுத்தால் "இது சீர் பிரித்த செய்யுள்" என்று அடையாளம் கண்டு ஒதுங்கிக்கொள்ளும் வசதி கட்டாயம் வேண்டும். அதைச் செய்பவர்களுக்கு இது பெரிய காரியமாக இருக்காது என்று நம்புகிறேன். எதுகை நிற்கும் இடமே காட்டிக்கொடுத்துவிடுமே: ஆடி, மூடி, பற்றி, உற்றி.

இந்த மொழிமுதல் விதியால் இன்னொரு தொல்லையும் உண்டு. ரயிலை 'இரயில்' என்கிறது, லட்டை 'இலட்டு' என்கிறது, ராசிபலனை 'இராசிபலன்' என்கிறது. இராமன், இலக்குவன் என்று எழுதுவது எனக்கும் பிடிக்கும். இலட்டைச் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. நல்லவேளையாக இதை அமைப்பில் நிறுத்திவைக்க முடிகிறது.

காலண்டர் வேலை முடிந்ததும் தை முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வரத் தொடங்கும். அங்கே வேறு கதை. 'வெற்றிலை பாக்கு' என்று அடித்தால் 'வெற்றிலைப் பாக்கு' என்று காட்டுகிறது. வெற்றிலையும் பாக்கும் என்பது உம்மைத்தொகை, ஒற்று மிகாது. இரவு பகல், செடி கொடி என்று சொல்கிறோமே, அது போலத்தான். 'ப்' போட்டால் வெற்றிலையிலிருந்து காய்க்கும் ஏதோ ஒரு பாக்கு என்று ஆகிவிடும்.

அதே மென்பொருள் 'திருவளர்ச்செல்வன்' என்பதைத் 'திருவளர்செல்வன்' என்று சரியாகத் திருத்தியது. திரு வளர்ந்த, வளர்கின்ற, வளரும் செல்வன் என்று மூன்று காலத்துக்கும் பொருந்துவதால் அது வினைத்தொகை, ஒற்று மிகாது. ஊறுகாயும் இதே இனம். ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய், எல்லாம் அந்த ஒரு ஜாடிக்குள் இருக்கின்றன. 'ஊறுக்காய்' என்று யாரும் எழுதுவதில்லை, ஆனால் பத்திரிகையில் மட்டும் ச் இல்லாவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு ஏதோ குறைந்த மாதிரி இருக்கிறது. பெண்ணைப் பெற்ற ஒருவர், "எங்க அண்ணன் மகன் பத்திரிகையில ச் இருந்துச்சும்மா, எங்க பொண்ணுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டார். ஊறுகாயைச் சொல்லித்தான் விளக்கினேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்படி வாதாடும்போது திரையைத் திருப்பிக் காட்ட ஒரு பிழைதிருத்தி இருப்பது பெரிய பலம். ஆள் சொன்னால் கேட்காதவர்கள் கணினி சொன்னால் கேட்கிறார்கள்.

அப்புறம், 'கள்' பிரச்சினை. 'வாழ்த்துக்கள்' என்று அடித்தால் சிவப்புக் கோடு போட்டு 'வாழ்த்துகள்' என்கிறது. வாழ்த்துக்கள் என்றால் வாழ்த்தி ஊற்றும் கள்ளா என்று தமிழாசிரியர்கள் கேலி செய்வது உண்டு. வாழ்த்து வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்க்குப் பின் 'து' என்று குறுகிய உகரத்தில் முடிவது, அதனால் க் மிகலாம் என்று சொல்லும் புலவர்களும் இருக்கிறார்கள். நான் வாழ்த்துகள் கட்சி. இருந்தாலும் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்போது அதைச் சுத்தப் பிழை என்று சிவப்பில் காட்டுவது சரியில்லை, வேறு நிறத்தில் காட்டலாம்.

'நாட்கள்' விஷயத்தில் மட்டும் நான் மென்பொருளோடு முழு உடன்பாடு. நாள்கள் என்று எழுதச் சொல்கிறது. நாட்கள் என்றால் அன்றைக்கு இறக்கிய கள் என்ற கேலி வெறும் கேலி இல்லை. புறநானூற்றின் 123ஆம் பாட்டில் கபிலர் 'நாட்கள் உண்டு நாண்மகிழ் மகிழின் யார்க்கும் எளிதே தேர்ஈ தல்லே' என்கிறார். காலையிலேயே கள்ளைக் குடித்து மகிழ்ந்திருக்கும்போது தேரை அள்ளிக் கொடுப்பது எவனுக்கும் எளிது, மலையமான் என்ற மன்னன் குடிக்காமலே கொடுக்கிறானே என்று புகழ்கிறார். காலண்டர் விற்கும் ஆபீஸில் இருந்துகொண்டு 'விடுமுறை நாட்கள்' என்று அச்சடிக்க இந்தப் பாட்டைப் படித்த பிறகு எனக்குக் கை வருவதில்லை.

கடைசியாக, உரையாடல். இங்கே இந்த மென்பொருள் மிக மோசம். கடிஜோக்கில் போலீஸ்காரர், "திருடினது நீதானா?" என்கிறார். "நான் அல்ல" என்று திருடன் சொல்வதை 'நான் அல்லேன்' என்று திருத்துகிறது. நான் அல்லேன், அவன் அல்லன், அது அன்று, அவை அல்ல என்பது இலக்கணப்படி சரிதான், கட்டுரையில் நானே அப்படித் திருத்துவேன். பிடிபட்ட திருடன் அப்படிப் பேச மாட்டான். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்பதை 'ஓர் ஊர்ல' என்று மாற்றுகிறது. கதை கேட்கிற குழந்தை அந்த இடத்திலேயே எழுந்து போய்விடும். மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதைத் தொடாதே என்று சொல்ல அமைப்பில் எங்கும் வழி இல்லை. நான் தேடாத இடமில்லை.

செய்தவர்களுக்கு அண்ணாச்சி வழியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வடிவமும் தமிழில் இருக்கும்போது, ஒன்றைப் பிழை என்று சொல்லாமல் கேளுங்கள் என்று எழுதினேன். 'கீரை கடை' என்று கண்டால், 'கடைவதா, விற்குமிடமா?' என்று ஓரத்தில் ஒரு வரி வந்தால் போதும். இலக்கணம் படிக்காதவர்கூட அதற்குப் பதில் சொல்லிவிடுவார். பதில் சொல்லும்போதே விதியும் மனதில் உட்கார்ந்துவிடும். இப்போது அது பிழை என்று மட்டும் சொல்கிறது, காரணம் சொல்வதில்லை. தம்பி மாதிரி புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கோட்டைப் பார்த்துப் பயந்து 'சரி'யை அழுத்திவிடுகிறார்கள்.

பதில் இன்னும் வரவில்லை. சந்தாவை இந்த வருடமும் புதுப்பித்தாயிற்று. சமையல் குறிப்பு, மருத்துவக் குறிப்பு, பொன்மொழி, பத்திரிகை வாசகம் எல்லாம் அதன் வழியாகப் போகின்றன. கடிஜோக்கும் தனிப்பாடலும் தனிக் கோப்பில் என் மேசைக்கு வருகின்றன. அந்தக் கோப்புக்குத் தம்பி 'தொடாதே' என்று பெயர் வைத்திருக்கிறான்.